மெர்வினின் கை போகும் இடம்

லொரெல் பாஸ்கோ ஆறு வருடமாக என் பக்கத்தில் நின்று பூசணிக்காய் வெட்டுகிறாள். மேற்கு ஆஸ்திரேலியாவில், பில்பராவில் ஓர் இரும்புச் சுரங்கத்து முகாமில் சமையல் எங்கள் வேலை. முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். அவள் சாப்பிடுவது என்னவோ நின்றபடியே ஒரு ரொட்டித் துண்டு.

நாட்டின் மறுகோடியில், டாஸ்மேனியாத் தீவில், பர்னியில் அவளுக்குச் சொந்த வீடு உண்டு. அந்த வீட்டுச் சமையலறையில், கையில் டீக்கரண்டியோடு, அவள் கணவர் நெவில் விழுந்து இறந்துபோனார். பதினோராம் நாள் வீட்டை ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்தவள் திரும்பிப் போகவேயில்லை. அழவும் இல்லை. துக்கத்தை நானும் பார்த்தவள்தான், ஆனால் இவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் 'சரி' என்பாள். சில நாள் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வரும்.

வீட்டில் மெர்வின் டிப்ஸ் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரர் வாடகைக்கு இருந்தார். தனி ஆள். எங்கள் பக்கம் வீட்டுக்காரியும் குடியிருப்பவரும் நேரில் பேசுகிற வழக்கமில்லை, எல்லாம் ஏஜென்ட் மூலம்தான். டீகன் என்கிற அந்த ஏஜென்ட் பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்புவாள். எழுபதுகளில் கட்டிய சமையலறை, ஆரஞ்சு நிற டைல்ஸ், பழுப்பு அலமாரிகள். அடுப்பின் திருகுகளில் சிவப்பாக நகப்பூச்சுப் பொட்டுகள் இருக்கும். சில கைப்பிடிகளில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும்.

"தாத்தா நகத்துக்குப் போட்டது போக மிச்சத்தை அடுப்புக்குப் போட்டுட்டார்டி," என்றேன் ஒருமுறை. லொரெல் சிரிக்கவில்லை.

போன வருடம் டீகன் போன் செய்தாள். "அடுப்பு சுவிட்சுல புகை வருது லொரெல். அந்தக் கிச்சனையே மாத்திடலாம். பாக்கவே சகிக்கல."

"சரி."

அப்புறம் ஒரு வாரம் பூசணிக்காய்க்கு நடுவில் போன் மணி அடித்தபடி இருந்தது. பர்னியில் தச்சர் க்ளைவ் கேட்பார், இவள் பதில் சொல்வாள். என்ன நிறம்? எதுவானாலும் சரி. அடுப்பு எந்தப் பக்கம்? உங்க இஷ்டம். கைப்பிடி எந்த மாதிரி? அந்தக் கேள்விக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. போனைப் பிடுங்கினேன்.

"கைப்பிடியே வேண்டாங்க. அழுத்தினா திறக்குமே, அந்தக் கதவு போடுங்க. அடுப்பும் வழவழன்னு கண்ணாடி அடுப்பா இருக்கட்டும், துடைக்க சுலபம்."

"வெள்ளைதானே?"

"வெள்ளைதான்."

இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

வேலை நடந்த மூன்று வாரமும் மெர்வின் டெவன்போர்ட்டில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்தார். அதற்கு மூன்று மாதம் கழித்து டீகனிடமிருந்து படங்கள் வந்தன. 'இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் ஆளை நான் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தாள். நானும் பெருமையாகப் பார்த்தேன், நான் தேர்ந்தெடுத்த சமையலறை அல்லவா. லொரெல் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அடுப்பு மேல நீலத் தாள் ஒட்டியிருக்கு பாரு. கடையில ஒட்டி அனுப்பறது. உரிக்கவே இல்ல."

"அதனால?"

"இந்த மனுஷன் மூணு மாசமா சமைக்கல."

பதினைந்து நிமிட இடைவேளையில் அவள் வழக்கத்தை மீறினாள். வாடகைப் பத்திரத்தில் இருந்த எண்ணுக்கு நேராகக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"நான் லொரெல். வீட்டுக்காரி."

மறுமுனையில் மெர்வினின் குரல்: "காலி பண்ணச் சொல்றீங்களாம்மா?"

"இல்லீங்க. கிச்சன் எப்படி இருக்கு?"

"நல்ல கிச்சன்தாம்மா. எங்க இருக்குன்னுதான் தெரியல."

அவருக்குப் பார்வை ஓரங்களில் மட்டும்தான் மிச்சம். நடுவில் எல்லாம் புகை. நான்கு வருடமாக அப்படி. வெளியே தெரிந்தால் தனியாக இருக்க லாயக்கில்லை என்று ஏதாவது முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பழைய சமையலறையில் கண் தேவைப்படவில்லை. காய்ந்து மேடான பொட்டைத் தடவினால் திருகு எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்று விரல் சொல்லும். ரப்பர் பேண்டு சுற்றிய கதவு மாவு, சுற்றாதது சர்க்கரை. இப்போது கை வைத்தால் எல்லாம் ஒரே சுவராக இருக்கிறதாம். அடுப்பு எரிகிறதா இல்லையா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், சுட்டுக்கொள்ளப் பயந்து அதைப் போடவேயில்லை.

"என்ன சாப்பிடறீங்க?"

"ரொட்டியும் ஜாமும். குத்தமா சொல்லலம்மா, பணம் போட்டுச் செஞ்சிருக்கீங்க. அடுத்த மாசம் தங்கச்சி எங்கயோ ஒரு இல்லத்தைப் பாத்து வைக்கிறேன்னா. போயிடலாம்னு இருக்கேன்."

அந்த வெள்ளைச் சுவர் என் வேலை.

"பழைய கிச்சன்ல கரண்டி எந்த டிராயர்ல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் லொரெல்.

"இடது பக்கத்துலேருந்து ரெண்டாவது. சிக்கும். கொஞ்சம் தூக்கி இழுக்கணும்."

"தூக்கி, வலது பக்கம் ஒரு தட்டு தட்டணும்," என்றாள் இவள். "நெவில் அதைச் சரி பண்றேன்னு பதினோரு வருஷம் சொன்னாரு."

அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் வலது கை, இங்கே, பில்பராவில், எங்கள் எஃகு மேசைமேல், இல்லாத டிராயரைத் தூக்கித் தட்டியது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் க்ளைவுக்குப் போன் செய்தாள். பழைய அலமாரிகள் எப்போதோ குப்பைமேட்டுக்குப் போய்விட்டன என்றார் அவர்.

"அளவு எதுவும் என்கிட்ட இல்லையே லொரெல்."

"மெர்வினைக் கிச்சன் நடுவுல நிக்க வைங்க. உப்பு எடுங்கன்னு சொல்லுங்க. கை எங்க போகுதோ அங்க பென்சில்ல கோடு போடுங்க. அப்புறம் கரண்டி, அப்புறம் வாணலி, எல்லாத்துக்கும் அப்படியே. கோட்டு மேல கட்டுங்க. நல்லா பெரிய கைப்பிடி, திருகு வெச்ச அடுப்பு."

"புதுசா செஞ்சதை உடைச்சுப் பழசாக்கச் சொல்றீங்களே! அந்த டிராயரும் சிக்கணுமா?"

லொரெல் யோசித்தாள். "வேண்டாம். அது மட்டும் நல்லா ஓடட்டும்."

மெர்வின் இல்லத்துக்குப் போகவில்லை.

டீகனின் அடுத்த படங்கள் ஒரு மதியம் வந்தன, சாப்பாட்டு வரிசை நீண்டு நின்ற நேரத்தில். அடுப்பெல்லாம் எண்ணெய்த் தெறிப்பு. கருகிய வெங்காயம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. திருகுகளில் கோணல்மாணலாகச் சிவப்புப் பொட்டுகள். 'மிகவும் மோசம். சுத்தம் செய்யச் சொல்லிக் கடிதம் கொடுக்கிறேன்' என்று எழுதியிருந்தாள்.

'துடைக்கச் சொல்லாதே' என்று லொரெல் பதில் அனுப்பினாள். பிறகு அந்த எண்ணெய்க் கறையையே பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. ஆறு வருடம் தேக்கி வைத்த அழுகை, குழம்புச் சட்டிக்கு முன்னால்.

"வெங்காயத்தைக் கருக்கிட்டார்டி," என்றாள். "நெவிலும் இப்படித்தான்."

முந்நூறு பேர் தட்டோடு நின்றார்கள். நிற்கட்டும் என்று அவள் கையிலிருந்த கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன்.