வர்றேன் என்று அனுப்பியவர்

“…வந்துட்டாருன்னும் போட மாட்டேங்கிறீங்க, இல்லன்னும் போட மாட்டேங்கிறீங்க, விடிஞ்சா மட்டும் எங்க வர்றீங்க எங்க வர்றீங்கன்னு கேக்குறீங்களே, அந்த மனுசன் எங்க இருந்து பதில் சொல்லுவாரு?”

பெருமாள்மலையில் காய்கறி லோடு இறக்கும் கடைக்குள், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அந்த அக்கா இப்படிக் கேட்டபோது, முதலாளியும் டிரைவர்களும் தரையைப் பார்த்தார்கள். நான் அக்காவின் கையிலிருந்த செல்போனைப் பார்த்தேன். அது அவருடைய கணவரின் போன். அந்தக் கடைக்கு வேன் ஓட்டியவர். இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலையிலும் அந்தப் போனுக்கு ஒரு மெசேஜ் போயிருந்தது. அனுப்பியது, நான் எழுதிய சாஃப்ட்வேர்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கொடைக்கானலில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். மழைக்காலத்தில் டூரிஸ்ட் வரமாட்டார்கள். கடை நிறையக் கம்ப்யூட்டர், கேட்க ஆளில்லை. தட்டித் தட்டி நானாகக் கற்றுக்கொண்டதுதான். அப்படியிருந்தபோது பெருமாள்மலைக் கடை முதலாளி ஒரு நாள் பிரிண்ட் எடுக்க வந்தவர், என் தோளைத் தட்டி, “ஏலே, பூம்பாறையில இருந்து எவன் வர்றான், வில்பட்டியில இருந்து எவன் வர்றான், எதுவும் எனக்குத் தெரிய மாட்டேங்குது. எல்லாம் மொத்தமா வந்து வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறான். உன் பொட்டிக்கு இது தெரியுமா?” என்றார். என் முதல் வாடிக்கையாளர் சொன்ன தேவை அவ்வளவுதான். பிற்காலத்தில் பெரிய கம்பெனிகள் ஐம்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்ததைவிட அது தெளிவாக இருந்தது.

நான் செய்து கொடுத்தது எளிமையான ஒன்று. டிரைவர் ஊரில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது கடை நம்பருக்கு ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் அனுப்ப வேண்டும். வர்றேன். ஆங்கில எழுத்தில், தோன்றியபடி அடித்தால் போதும். எத்தனை விதமாக எழுதினாலும் புரிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உடனே கடையில் இருக்கும் திரையில் அவர் பெயர் ஏறும், எதிரே ‘வருகிறார்’ என்று இருக்கும். யார் முதலில் அனுப்பினாரோ அவருக்கு முதல் முறை. இறக்கி முடித்ததும் கடைக்காரர் ‘வந்தாச்சு’ என்று அழுத்தினால் பெயர் இறங்கிவிடும். லோடு எடுக்க முடியாமல் போனால் ‘ரத்து’. அன்றைய வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் டிரைவர் ‘போறேன்’ என்று அனுப்ப வேண்டும்.

முதலில் அதைக் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் வைத்தேன். ஒரு மழைக்கு மின்சாரம் போனது, இன்னொரு மழைக்கு கம்ப்யூட்டரே போனது. அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தது. அதற்குப் பெயர் மேகம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “மேகமா? தெனம் வீட்டுக்குள்ள வருதுப்பா இங்க. வந்து என்னைக்காச்சும் ஒரு சோலி பாத்திருக்கா? காயப் போட்ட துணிய ஈரமாக்கிட்டுப் போகும்” என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். பக்கத்துக் கடைகள் இரண்டும் எங்களுக்கும் வேண்டும் என்று சேர்ந்துகொண்டன. வேன்கள் பெருகின. ஒரு மெஷின் படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டாக்கினேன். இரண்டும் மணிக்கு ஒரு தடவை ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். ஒன்றில் இருக்கும் பெயர் மற்றதில் இல்லையென்றால், விட்டுப்போய்விட்டது என்று எண்ணி எடுத்துக் கொடுக்கும். பூண்டு சீசனில் காலை நெரிசலுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு மெஷின் தானாக எழுந்து வேலை பார்த்துவிட்டு, மதியம் தானாக அணைந்துவிடும். கூடை தூக்க ஆள் கூப்பிடுவது மாதிரிதான். அது எழும்போது எதுவும் தெரியாமல் எழக் கூடாதே என்று, முன்பு எடுத்துவைத்த ஒரு நகலைக் கொடுத்து எழுப்புவேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் என் தலையில் ஏறவில்லை. எங்கள் பக்கம் எவனாவது வீட்டுக்குக் கிளம்பும்போது போறேன் என்று சொல்வானா? அதுவும் மலை ரோட்டில் வண்டி ஓட்டுபவன்? வர்றேன் என்றுதான் சொல்வான். எழுதிய நானே ஒவ்வொரு நாளும் கடையை விட்டு இறங்கும்போது, “அப்ப வர்றேன் முதலாளி” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். சொன்ன வாய்க்கும் எழுதிய கைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. டிரைவர்களில் ஒருவர்கூட ஒரு நாள்கூட ‘போறேன்’ என்று அனுப்பியதில்லை. சாயங்காலம் கடைசி லோடை இறக்கிவிட்டு எல்லோரும் வர்றேன் என்றே அனுப்பிவிட்டுப் போனார்கள். என் சாஃப்ட்வேர் அதைப் புது லோடு என்று எடுத்துக்கொண்டது. மறுநாள் விடியற்காலையிலேயே அவர்களே லோடோடு வந்ததும் கடைக்காரர் ‘வந்தாச்சு’ அழுத்திவிடுவார். அதனால் தப்பு வெளியே தெரியவேயில்லை. கிளம்பியவர் திரும்பி வரும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது.

அக்காவின் கணவர், அந்த அண்ணன், பூம்பாறைக்காரர். அன்று மூன்றாவது லோடை இறக்கிவிட்டு, வழக்கம்போல் மெசேஜ் அனுப்பிவிட்டு, வெறும் வண்டியோடு வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இண்டிகேட்டரும் போட்டிருக்கிறார். பின்னால் வந்த பஸ்காரர் இறங்கிப் பார்த்தபோது ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடந்தது.

மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கும் மறுநாள் திறந்தபோது, திரையில் முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. எதிரே, வருகிறார். முதல் முறை அவருக்குத்தான். நேரமாகியும் வராத வண்டிக்குக் காலை ஏழு மணிக்கு ‘எங்க வர்றீங்க?’ என்று கேட்டு மெசேஜ் அனுப்ப நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். அதுவும் ஒழுங்காகப் போயிருந்தது.

முதல் நாள் ஒரு டிரைவர், “அண்ணன் இன்னும் வளைவுல திரும்பிக்கிட்டு இருக்காரு போல” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் அதற்குப் பிறகு அப்படிப் பேசவில்லை. லோடு இறக்கும் ஷட்டருக்கு நேரே இருக்கும் இடத்தில்தான் முதல் முறைக்காரர் வண்டியை விடுவார். அந்த இடத்தில் வண்டியை விட யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டாம் முறைக்காரர் இரண்டாம் இடத்திலேயே நின்று கொஞ்சம் கூடுதல் தூரம் மூட்டை சுமந்தார். பனி இறங்கும் காலையில் அந்தக் காலி இடத்தை எட்டிப் பார்க்காமல் கடைக்குள் நுழைய என்னால் முடியவில்லை. எதைப் பார்ப்பேன் என்று நினைத்தேனோ தெரியாது.

ஒரு மாதம் அப்படியே ஓடியது. பிறகு அழித்துவிட்டேன். அதாவது, அவர் பெயர் இருந்த வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்தது. சரிதான், இன்னொரு மெஷின் எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று புரிந்து, இரண்டிலும் ஒன்றாக அழித்தேன். சாயங்காலம்வரை இல்லை. காலையில் வந்து பார்க்கிறேன், முதல் வரியில் இருக்கிறார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, பூசாரிகிட்டச் சொல்லுவமா?” என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து தேடிய பிறகு காரணம் தெரிந்தது. காலையில் எழும் மூன்றாவது மெஷின். அது எழுவதற்குக் கொடுத்திருந்த பழைய நகலில் அந்த அண்ணன் இருந்தார். எழுந்ததும் மற்ற இரண்டையும் பார்த்து, ஐயோ ஒருவர் விட்டுப்போயிருக்கிறாரே என்று அக்கறையாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதன் மேல் தப்பில்லை. இப்படிப் பல மெஷின் வைத்து வேலை செய்யும்போது ஒன்றைச் சும்மா அழிக்கக் கூடாதாம். அழித்த இடத்தில், இது இல்லை, தேடாதே என்று ஒரு குறி வைக்க வேண்டுமாம். அந்தக் குறிக்கு இந்தத் தொழிலில் கல்லறைக் கல் என்றுதான் பெயர். எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து சும்மா வைத்த பெயர். எனக்குச் சும்மாவாக இல்லை.

குறி வைக்கலாம் என்றால், என்னவென்று வைப்பது? முடித்துவைக்க என்னிடம் இருந்தவை மூன்றே வார்த்தைகள். ‘வந்தாச்சு’ பொய். ஒரு மனுசனுக்கு எதிரே ‘ரத்து’ என்று போட விரல் வரவில்லை. ‘போறேன்’ என்பதை அவர் சார்பில் நான் போடவா? அதற்குத்தான் மேலும் இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு காலையிலும் மெசேஜ் போனது. நிறுத்தக்கூடத் தோன்றாமல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர்காரருக்கு என்ன போடுறதுன்னு தெரியலையாம் என்று எவரோ ஒரு டிரைவர் போய் அக்காவிடம் சொல்லிவிட, பூம்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து அவரே வந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மூன்று மெஷின், பழைய நகல், குறி, எதையும் மறைக்கவில்லை. சிலோனிலிருந்து வந்த எஸ்டேட் குடும்பத்துப் பெண். ஒவ்வொன்றுக்கும் “ம், விளங்குது” என்று கேட்டுக்கொண்டார்.

முதலாளி மெதுவாக, “வந்தாச்சுன்னு போட்டு விட்ருவோம் தாயி. யாரு பாக்கப் போறா?” என்றார்.

“வேணாம். வராத ஆள வந்ததா எழுதாதீங்க.” அக்கா குரலை உயர்த்தவில்லை. “தம்பி, அந்த மனுசன் கடைசியா அனுப்பினது லோடுக்கு இல்லதானே?”

“இல்லக்கா. வேல முடிஞ்சு அனுப்பினது.”

“அப்ப எங்க போறதுக்கு அனுப்பினாரு?”

“வீட்டுக்கு.”

“அதையே போடுங்களேன். வீட்டுக்குக் கெளம்பிட்டாருன்னு போடுங்க. உண்மைதானே? இத்தன நாளா என்னத்துக்கு யோசிச்சீங்க?”

ஒரு டிரைவர் மூக்கை உறிஞ்சினார். நான் ‘வீட்டுக்கு’ என்று புதிதாக ஒரு வார்த்தை சேர்த்தேன். அதைச் சேர்க்க ஏழெட்டு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணனின் வரிக்கு அதைக் குறியாக வைத்து, மெஷின்களுக்குக் கொடுத்து, பழைய நகலையும் மாற்றினேன். திரையில் முதல் வரியில் வேறு பெயர் வந்து நின்றது.

“இனி வராதுக்கா.”

“இப்படித்தான் போன தடவையும் சொன்னீங்களாம். மூணையும் என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. கேக்கச் சொல்லுங்க. நான் இங்கனயே நிக்கிறேன்.”

மூன்றாவது மெஷினை அணைத்து எழுப்பினேன். சரிபார்க்க வைத்தேன். பிறகு ஏழு மணிக்குப் போக வேண்டிய கேள்வியை அப்போதே அனுப்பினேன். சட்டென்று ஒரு செல்போன் அலறியது. மூக்கை உறிஞ்சிய அந்த டிரைவருடையது. எடுத்துப் பார்த்துவிட்டு, “எங்க வர்றீங்கன்னு கேக்குது. இங்கனதானய்யா நிக்கிறேன்! முதலாளி, லோடு இறக்கி ஒரு மணி நேரமாச்சு, வந்தாச்சு அழுத்தலையா?” என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தார்.

அவர் கையில் இருந்த போன் ஒலிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்தோம். ஐந்து நிமிடம் போயிருக்கும். பிறகும் ஒலிக்கவில்லை.

“நின்னுருச்சுக்கா” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். போனைத் திருப்பிப் பார்த்தார். புடவைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். பையை மூட்டை மேலேயே வைத்துவிட்டு, கடையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பள்ளத்தாக்குப் பக்கம் மதில் ஓரம் போய் நின்றார். டவர் நன்றாக எடுக்கும் இடம் அது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார்.