சுவரிலிருந்து கழற்றிய வீடு

பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பிள்ளையின் படத்தை நான் கழற்றி, மடித்து, என் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்த வயதில் செய்கிற வேலையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு எனக்கு அது காவல் வேலையாகத்தான் பட்டது.

நான் ஊரைவிட்டு வந்து, இந்தப் பனி நாட்டில் ரூஜ் என்கிற இடத்தில், என் தங்கையின் மகன் வீட்டில் இருக்கிறேன். பெறாமகன், அவன் மனைவி, நான் என்று மேலே மூன்று பேர். கீழே பேஸ்மென்றில் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவளுடைய ஏழு வயது மகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. விடிய முதலே வான் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. பிள்ளை என்னைப் 'பெத்தா' என்று கூப்பிடும். அவர்கள் ஊரில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் கலியாணம் கட்டாதவள். முதல் தடவை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் வாய் ஓயாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காது. வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு ரீச்சர் வாரத்தில் மூன்று நாள் வருவா. நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அந்த அறையில் மட்டும் பிள்ளை பேசத் தொடங்கியது. முதலில் தலையாட்டல், பிறகு ஒற்றைச் சொல், பனி உருகும் நேரத்தில் முழு வசனம். வகுப்புக்குத் திரும்பினால் பழையபடி வாய் பூட்டு. அந்த ரீச்சர் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மே மாதத் தொடக்கத்தில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. குடிசன மதிப்பீடு, நாட்டில் உள்ள ஆட்களை எண்ணுகிற கணக்கு. பெறாமகன் குசினி மேசையில் இருந்தபடியே போனில் நிரப்பினான்.

“வீட்டில எத்தினை பேர் எண்டு கேக்கிறாங்கள். மூண்டு.”

“அப்ப கீழ இருக்கிறவை?” என்று அவன் மனைவி கேட்டாள்.

“உனக்கென்ன விசரே? பேஸ்மென்ற் வாடகைக்குக் குடுக்க சிட்டியிட்ட நாங்கள் பேர்மிற் எடுக்கேல்லை. அறிஞ்சானெண்டா வந்து பூட்டிப்போடுவான். பிறகு அதுகள் எங்க போறது?” என்னைப் பார்த்தான். “என்ன பெரியம்மா, நான் சொல்லுறது சரிதானே?”

“ஓம் ராசா,” என்றேன்.

அவனைவிட எனக்குத்தான் சந்தேகம் கூட. யார் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறவன் நல்லதுக்குக் கேட்டதை நான் கண்டதில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஆட்களின் பட்டியல் ஒட்டியிருக்கவேண்டும் என்று இராணுவம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள்.

அன்று பின்னேரம் பெறாமகன் கீழே படியில் குந்தி, பிள்ளைக்குச் சொல்லிவைத்தான்: “ஆரும் கதவைத் தட்டினா சத்தம் போடக்கூடாது. சரியோ குஞ்சு?” பிள்ளை தலையாட்டியது. எனக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை பிள்ளையின் பையில் ஒரு கடதாசி வந்தது. தமிழிலும் அடித்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி வாசித்துமுடிக்க ஒரு கோப்பி ஆறிவிட்டது. குடிசன மதிப்பீட்டைப் பற்றிப் பேச, காலையில் பெற்றோரைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தாய் வேலைக்குப் போய்விடுவாள். நான் போனேன். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எங்கே போனாலும் நான் அங்கேதான் இருப்பேன்.

அதிபர் ஆங்கிலத்தில் பேசினா. புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவிசெய்யவென்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

“இந்தப் பக்கம் எத்தினை பிள்ளையள், எத்தினை பேர் புதுசா வந்தவை, வீட்டில என்ன பாஷை கதைக்கினம், இதெல்லாம் தெரிஞ்சால்தான் பள்ளிக்கூடங்களுக்குக் காசு பிரிக்கேக்க எங்களுக்கும் சரியான பங்கு வரும். ஆங்கிலம் படிப்பிக்க வாற ரீச்சரும் அந்தப் பங்கிலதான் வாறா. இங்க பிள்ளையள் குறைவு எண்டு கணக்குக் காட்டினா, அவவை வேற இடத்துக்கு மாத்திப்போடுவினம்.”

பின்னால் இருந்த ஒரு தகப்பன் கை உயர்த்தினார். “எங்கட மாமி ஊரிலயிருந்து விசிற்றில வந்து நிக்கிறா. அவவையும் போடுறன், இன்னுமொரு ரீச்சர் தாருங்கோவன்.”

“விசிற்றில வந்தவையை எண்ணமாட்டினம் அண்ணை. மாமியை நீங்களே வச்சிருங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் அவள் சொன்னாள்: “நீங்கள் சொல்லுறது இமிகிரேஷனுக்குப் போகாது. சிட்டிக்குப் போகாது. பொலிசுக்கும் போகாது. அதுக்குச் சட்டம் இருக்கு.”

'உங்களைப் பிடிக்கத்தான் எண்ணுகிறோம்' என்று சொல்லிவிட்டு எந்த அரசாங்கம் எண்ணியது? அவள் அன்பாகத்தான் பேசினாள். ஆனால் இவ்வளவு அன்பாகப் பேசுகிறவளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? தேநீரும் பிஸ்கற்றும் யாருடைய செலவு? இரண்டு பிஸ்கற் சாப்பிட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

வகுப்புகளுக்கு நடுவே உள்ள நடைபாதைச் சுவர் முழுக்க வீட்டுப் படங்கள். எல்லோரும் எண்ணப்படவேண்டும் என்று காட்டுவதற்காக, 'என் வீட்டில் இருப்பவர்கள்' என்று ஒவ்வொரு பிள்ளையையும் படம் கீற வைத்திருந்தார்கள். வகுப்பு வகுப்பாக ஆட்களை எண்ணி, மேலே பெரிய இலக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க எனக்குக் கனநேரம் எடுக்கவில்லை. பெறாமகனின் சிவப்புக் கார் வாசலில் நின்றது. மேலே மூன்று பேர். எனக்குத் தலையைவிடப் பெரிய கொண்டை. கீழே நிலத்துக்குள் சின்ன யன்னல் ஒன்று. அதற்குள் இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கதவில், அச்சுப்போல, எங்கள் வீட்டு இலக்கம்.

பெறாமகன் போனில் மூன்று என்று எழுதிவிட்டான். இங்கே ஐந்து என்று சுவரில் நிற்கிறது, இலக்கத்தோடு. பிள்ளைகளைக் கொண்டு கீறவைத்து வீடுகளைப் பிடிக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். தேநீர் குடித்தவர்கள் இன்னும் வெளியே வரவில்லை. நகத்தால் ஒட்டுநாடாவைக் கிளப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் பிள்ளை சொன்னது: “என்ட வீட்டைக் காணயில்ல பெத்தா.”

நான் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

“டீச்சர் எண்ணிப் பாத்தா. அஞ்சு பேர் குறையுதாம். நான் பிழையாக் கீறினதால ஆரோ கழட்டிட்டாங்க. மறுகா நான் சரியாக் கீறிக் குடுத்திட்டன்.”

“சரியாவெண்டா எப்பிடி?”

“மேல மூணு பேர். கீழ ஒருத்தரும் இல்ல.”

“ஏன் குஞ்சு, நீயும் அம்மாவும் எங்க?”

“நாங்க சத்தம் போடக்கூடாது தானே.”

சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்த பிள்ளையின் முகம் அது. பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் கதவில் ஒட்டிய பட்டியலைப் பற்றிச் சொன்னேனல்லவா? எங்கள் வீட்டுப் பட்டியலை எழுதியவள் நான். எழுத்து உருண்டையாக வரும் என்று என்னிடம்தான் தந்தார்கள். தம்பிக்கு அப்போது இருபது வயது, அவர்கள் பிடிக்கிற வயது. அவன் பெயரை எழுதாமல் விடுவோம் என்று சொன்னதும் நான்தான். ஒருநாள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் வைத்து இராணுவம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. தேடி முகாமுக்குப் போனோம். அங்கே மேசையில் இருந்தவன் எங்கள் தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தான். உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆளே இல்லையே என்றான். தாளைத் திருப்பித் தந்தான். என்னுடைய உருண்டை எழுத்து. அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தத் தாள்தான் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

இத்தனை வருடமாக நான் பட்டியல்களைத்தான் பழித்துக்கொண்டிருந்தேன். விட்டதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரம் பிள்ளையின் தாயையும் மேலே கூப்பிட்டு, படத்தை மேசையில் விரித்தேன்.

“உது எங்கால?” என்றான் பெறாமகன்.

“பள்ளிக்கூடச் சுவரில இருந்தது. நான் கழட்டினனான்.”

“பெரியம்மா களவெடுக்கவும் பழகீட்டா!” என்று சிரித்தான். பிள்ளை இரண்டாம் முறை என்ன கீறியது, ஏன் கீறியது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு தம்பியின் கதையையும் சொன்னேன். தன் மாமனைப் பிடித்ததை அவன் அறிவான். பட்டியலை அறியமாட்டான்.

தாய் படத்தைக் கையில் எடுத்தாள். “என்ட அகதிக் கேஸ் இன்னும் முடியயில்ல அன்ரி. பேரைக் குடுத்து, மறுகா ஏதும் வந்தா?”

“வராது எண்டு நான் சொல்லமாட்டன் பிள்ளை. எனக்கும் உவையில நம்பிக்கை இல்லை. போய்க் கேப்பம். கேட்டுப்போட்டு நீரே முடிவெடும்.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னை என்ன இவ்வளவு குண்டாக் கீறியிருக்கு,” என்றாள். பிறகு, “கேட்டுப் பாப்பம்,” என்றாள்.

படிவம் நிரப்ப உதவிசெய்யப் பள்ளிக்கூட நூலகத்தை ஒரு பின்னேரம் திறந்து வைத்திருந்தார்கள். பெறாமகன் எங்கள் மூன்று பேரையும் கொண்டுபோய் விட்டான். உள்ளே வரவில்லை. காரின் எஞ்சினை நிற்பாட்டாமல் வாசலிலேயே இருந்தான். அதே தமிழ்ப் பெண்தான். தாய் ஒரு தரம் கேட்டாள், நான் அதையே மூன்று தரம் கேட்டேன்: இமிகிரேஷனுக்குப் போகாதா, சிட்டிக்குப் போகாதா. மூன்று தரமும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். தனி வாசல் உள்ள பேஸ்மென்றுக்குத் தனிப் படிவம் உண்டாம். குடிசன மதிப்பீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, அந்தப் படிவத்தைத் திறக்க ஓர் இலக்கம் வாங்கித் தந்தாள். தாய் அந்த இலக்கத்தைத் தன் போனில் அடித்தாள். பிறகு, இரண்டு பேர் என்று தானே தட்டினாள்.

“அப்ப வாற வருஷமும் அந்த ரீச்சர் வருவாதானே?” என்று கேட்டேன்.

“தெரியாது அம்மா. இந்தக் கணக்கு வந்துசேர வருஷங்கள் எடுக்கும். நான் சும்மா வாக்குத் தரக்கூடாது. ஆனா கணக்கில இல்லாத பிள்ளைக்கு ரீச்சர் கேட்டு நான் எங்கயும் போய் நிக்கேலாது.”

அவள் அதுவரை சொன்னதில் நான் நம்பியது இதை மட்டும்தான்.

“உம்மட பேர் என்ன பிள்ளை?”

சொன்னாள். கைப்பையில் இருந்த கடித உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன், திகதியும் போட்டு. நாளைக்கு ஒன்று நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டுமே. அவள் அதைப் பார்த்துச் சிரித்து, தன்னுடைய முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

நூலகத்தை விட்டு அந்த நடைபாதைக்கு வந்து, பிள்ளையிடம் படத்தைக் கொடுத்தேன். நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. மூன்று பேர் வீட்டைக் கிழித்தெடுத்துவிட்டு ஐந்து பேர் வீட்டை ஒட்டப் போனது.

“பொறு குஞ்சு,” என்றேன். “பென்சில் இருக்கோ?”

கதவில் இருந்த இலக்கத்தின்மேல் ஒரு பூச்சட்டி கீறச் சொன்னேன். நன்றாகக் கறுப்பாக, ஓர் இலக்கமும் தெரியாமல். கீறி முடித்த பிறகுதான் ஒட்டவிட்டேன்.