சிவப்புத் துணிக்குள் இருந்தவர்

சுவிட்சர்லாந்தின் துன் நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிற வியட்நாம்காரர் என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். சொல்லிக் கொடுத்தது நான். வியட்நாமிலும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம், அண்ணன் தங்கை முறைதானாம். மற்றதெல்லாம் எங்கள் இரண்டு பேரின் உடைந்த ஜெர்மன். இந்த வருடம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா. எனக்குத் தெய்வங்கள் வரும்."

"எந்தத் தெய்வம், அண்ணை?"

"முதல்லை தளபதி. பிறகு காட்டு அம்மா. அவவுக்குப் பச்சைச் சட்டை தைச்சு வச்சிருக்கிறன்."

"நீங்கள் ஆம்பிளை. பொம்பிளைத் தெய்வம் உங்களிலை எப்பிடி?"

"நான் கதிரை, தங்கச்சி. வந்து குந்துற ஆள் ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு கதிரை கேக்குமே?"

அவர் சிரித்தார். வந்து உட்காருகிறவ எழும்பாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பெரிய விளக்கங்கள் தெரியாது. ஊரில் உரு வந்து ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடங்காவிட்டால் பூசாரி நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசுவார், ஆள் திரும்பிவிடும். அதனால் கைப்பையில் ஒரு காகிதச் சரை திருநீறு வைத்துக்கொண்டு போனேன்.

அவருடைய வீட்டு வரவேற்பறையில் பழங்கள், ஊதுபத்திப் புகை, மேளம், சுற்றிவர அவர்களுடைய ஆட்கள். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சத்தம் போட்டால் கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள் வந்து நிற்பானே என்று கதவோரமாகவே இருந்தேன். அவருடைய மனைவி காதுக்குள் சொன்னார்: "சிவப்புத் துணியை இவற்றை தலையிலை போடுவன். இடது கை உயர்ந்தால் ஆண் தெய்வம். வலது கை எண்டால் பெண்."

முதலில் இடது கை உயர்ந்தது. துணியைத் தானே எறிந்துவிட்டுத் தளபதி எழும்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு விழுந்த கூனல் நிமிர்ந்திருந்தது. வாளோடு ஆடினார். ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த நெஞ்சில் போட்ட தையல்தான் என் கண்ணுக்குள் நின்றது. ஆடி முடித்து உட்கார்ந்ததும் மனைவி மறுபடி சிவப்புத் துணியைப் போட்டார். தலை கொஞ்சம் ஆடியது. நின்றது.

எந்தக் கையும் உயரவில்லை.

மேளம் அடித்துக்கொண்டேயிருந்தது. வாய் இருக்கிற இடத்தில் துணி அசையவேயில்லை. மூச்சு விட்டால் அசையாதோ? ஒருவரும் கவனிக்கவில்லை. நான் பாய்ந்துபோய்த் துணியை இழுத்தேன்.

அந்த முகத்தை என்னவென்று சொல்ல! தளபதியின் இறுகிய தாடை இல்லை. உதட்டோரம் ஏதோ ஒரு மென்மை தொடங்கி, பாதியில் நின்றது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, எங்கள் அண்ணையும் இல்லை. கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. திருநீற்றை அள்ளி நெற்றியில் பூசினேன். மேளம் நின்றது.

"என்ன வேலை செய்தனீ!" மனைவி கத்தினார். "தளபதி போயிட்டார், அம்மா இன்னும் வரேல்லை. நடுவிலை திறந்துபோட்டாயே!"

"மூச்சில்லை, அக்கா... நெஞ்சு..."

"மூச்சு இருக்கு. ஆள்தான் இல்லை. நீயே மூடு. இழுத்த கைதான் மூடவேணும்."

பின்னால் இருந்த கிழவி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா வருமுன்னமே இவள் பவுடர் போட்டுவிட்டாள் என்றாளாம்.

நான் மூடினேன். துணி இரண்டு தரம் நழுவியது. மேளம் தொடங்கியது. அந்த வலது கை உயரும் வரைக்கும் நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

பச்சைச் சட்டையில் காட்டு அம்மா ஆடினா. நெற்றியில் என் திருநீறு. ஆடிவந்து ஏதோ சொல்லி எனக்கொரு மண்டரின் ஆரஞ்சு நீட்டினா. மணிக்கட்டில் இஸ்திரி இயந்திரம் சுட்ட தழும்பு, எனக்குப் பழக்கமானது. குரல் மட்டும் ஒரு குமர்ப் பிள்ளையுடையது.

எல்லாம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, சாப்பிட்டனியோ?" என்று அண்ணை தன் குரலில் கேட்டார். அழுதுவிட்டேன்.

இப்போதும் விரிப்பின் இரண்டு முனையை அவரும் இரண்டு முனையை நானும் பிடித்து உதறி மடிக்கிறோம். உதறும்போது வெள்ளைத் துணி எழும்பி அவர் முகத்தை மறைக்கும். அது இறங்கும் வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.