மேட்டுக்கு ஈக்கோ, இறக்கத்துக்கு நியூட்ரல்

நான் மலையிலிருந்து இறங்கி வீட்டு வாசலில் காரை நிறுத்தினால் அண்ணன் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல. ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற திரையைத்தான் பார்ப்பான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று படித்துவிட்டு உச்சுக் கொட்டுவான். சாப்பிட்டாயா, மேலே மழையா, காய் எப்படி இருக்கிறது, எதுவும் கிடையாது. அந்த உச்சு மட்டும்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. மலை உச்சியில் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்குப் போகிற வழியில் எங்கள் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், விட்டுப்போன ஏலத்தோட்டம். அத்தா மௌத்தான பிறகு கடை அண்ணனுக்கு, தோட்டம் என் பொறுப்புக்கு என்று ஆனது. பொறுப்பு என்றுதான் சொன்னார்கள், பங்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆள் போகாத தோட்டம் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதலில் காய் காணாமல் போகும், அப்புறம் வேலையாட்கள் வேறு தோட்டம் பார்த்துப் போவார்கள், கடைசியில் ஒருவர் பெரிய மனசோடு குத்தகைக்குக் கேட்டு வருவார். அப்படி ஒருவர் ஏற்கெனவே கடைப் பக்கம் வந்து அண்ணனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தக் கார்ச் சாவிதான் எனக்குத் தோட்டம். சாவி கையை விட்டுப் போனால் தோட்டமும் போய்விடும்.

ஜீப்பில் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போயிருக்கிறேன். விடியுமுன் காய் எடுக்கும் பெண்களோடு நெருக்கியடித்து ஏறி, அவர்கள் இறங்கும்போது இறங்கிவிட வேண்டும். பச்சைக் காயை உலர்த்தும் அறையில் சூடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் நான் இறங்கி வந்து மலையடிவாரத்து முந்தலைத் தாண்டிக்கொண்டிருப்பேன். அது தோட்டம் பார்ப்பது ஆகாது, சுற்றுலா போய் வருவதுதான்.

அண்ணன் வாங்கிய காரில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும். கியருக்குப் பக்கத்தில் வண்டி ஓடும் விதத்தை மாற்ற ஒரு திருகு: ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட். விற்ற பையன் ஈக்கோவில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்லியிருக்கிறான். தேனியிலிருந்து போடி வரை ஓட்டிக் காட்டியிருக்கிறான், அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அண்ணனுக்கு அதுவே வேதவாக்கு.

"இந்தத் திருகு ஈக்கோவுலயேதான் கிடக்கணும். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

ஈக்கோவில் போட்டால் திரையில் பச்சையாக ஒரு இலை எரியும். அந்த இலையைப் பார்த்துவிட்டால் அண்ணனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

தேனி ரோட்டில் ஈக்கோ நல்ல பிள்ளைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். சமதளம், மெதுவான போக்குவரத்து, அங்கங்கே நின்று நின்று போகிற பாதை. அங்கே அது காலை அவசரப்பட விடாது, ஏசியையும் கொஞ்சம் அடக்கும், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அதே நல்ல பிள்ளை மூச்சுத் திணற ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஈர மெத்தையை மிதித்த மாதிரி இருக்கும். மேட்டில் போய் மேல் கியருக்குத் தாவும், இழுக்க முடியாமல் முனகும். நான் இன்னும் மிதிப்பேன், இன்னும் மிதிப்பேன், திடீரென்று இரண்டு கியர் கீழே விழுந்து அலறிக்கொண்டு பாயும். வளைவு வந்துவிடும். மறுபடி முனகல். பின்னால் வரும் ஜீப்புக்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்துவான்.

"யக்கா, வெரசாப் போங்கக்கா, இல்லாட்டி ஓரங்கட்டுங்க. என் வண்டி சூடாகுதுல்ல!"

ஒருநாள் பொறுக்க முடியாமல் திருகை ஸ்போர்ட்டுக்குத் திருப்பினேன். கார் வாயை மூடிக்கொண்டு ஏறியது. இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. என் கால் பாதிகூட இறங்கவில்லை. போடிமெட்டில் நிறுத்தித் திரையைப் பார்த்தேன். லிட்டருக்கு ஓடிய கிலோமீட்டர் ஈக்கோவில் வருவதைவிடக் குறையவில்லை, கொஞ்சம் கூடவே இருந்தது. தப்பாக இருக்குமோ என்று அடுத்தடுத்த பயணங்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மலைக்குப் பச்சை இலையைப் பற்றிக் கவலை இல்லை. அவ்வளவு பாரத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டியதைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று காட்ட அந்தத் திரையில் ஒரு சின்னக் கோடு உண்டு. கியரிலேயே இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் அந்தக் கோடு அப்படியே படுத்துவிடும். ஒரு சொட்டுக்கூடப் போகாது, சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டு வரும். ஸ்போர்ட்டில் கியர் கீழேயே நிற்பதால் பிரேக்குக்கும் பாதி வேலைதான்.

அண்ணனிடம் சொன்னேன். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை, அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ஸ்போர்ட்ல போட்டுட்டு பெட்ரோல் மிச்சங்கிறியே, யாருகிட்ட கதை விடுற?"

"நீயே வந்து பாருண்ணே."

"பாக்கத்தான் போறேன். வர்ற வெள்ளிக்கு மறுநாள் நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு. என் ரீடிங்கு உன்னதைவிட நல்லா வந்துச்சுன்னா இனிமே நீ வண்டிய எடுக்கக் கூடாது. ஜீப்புல போயிட்டு வா."

"என்னதைவிட வரலைன்னா?"

தோற்றால் என்ன என்பதே அவன் கணக்கில் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இந்தச் சண்டைகளில் தலையிடவே மாட்டார். "அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிச்சுட்டு வாங்க, நான் சோத்த வடிக்கிறேன்" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். அன்றும் போனார்.

அந்த நாள் வந்தது. நான் போகிறபோதெல்லாம் உர மூட்டை, மருந்தடிக்கும் பம்பு, குழாய் என்று பின்பக்கம் திணித்து அனுப்புகிறவன், தன் முறைக்கு வண்டியைக் காலி செய்து வைத்திருந்தான். ஏசியை அணைத்தான், ஜன்னலையும் ஏற்றிவிட்டான். காற்று இழுக்குமாம். வேர்த்து வழிய இருவரும் உட்கார்ந்து போனோம். மேட்டில் கார் முனகியது, அலறியது, ஜீப்புகள் ஆரன் அடித்தன. அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். போடிமெட்டில் திரை காட்டிய எண் நான் மூட்டையோடு ஏறும்போது வருகிற எண்ணுக்கும் கீழே இருந்தது.

"இருக்கட்டும். இறக்கத்துல பாரு" என்றான்.

தோட்டத்தில் சோலியை முடித்துவிட்டுப் பிற்பகலில் திரும்பினோம். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அண்ணன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். அத்தா காலத்து ஜீப்பில் எல்லாரும் செய்த வேலை அது. உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டு முந்தல் வரை உருட்டிக்கொண்டே வருவார்கள், டீசல் மிச்சம் என்று. இன்றும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த நோய் உண்டு. இறக்கத்தைச் சும்மா விடக் கூடாது, இனாமாகக் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"அண்ணே, கியர்ல போடு. நியூட்ரல்ல இன்ஜினு சும்மாவே ஓடிக் குடிக்கும். அந்தக் கோட்டப் பாரு, படுக்கவே இல்ல."

"அத்தா இப்படித்தான் உருட்டுவாக. அத்தாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ?"

அத்தாவை இழுத்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும். மூடிக்கொண்டேன். பச்சை இலை எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் பிரேக்கை மிதித்தான், வளைவுக்கு வளைவு இன்னும் அதிகமாக மிதித்தான். மலைப் பாதையில் புலியூத்துக்கு மேலே வரும்போது கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் கீழேயிருந்து மூணாறு பஸ்சு ஏறி வந்தது. அண்ணன் மிதித்தான். மிதி உள்ளே போனது, கார் நிற்கவில்லை.

அவன் வாயிலிருந்து அல்லா என்ற சொல் மட்டும் வந்தது. நான் குறுக்கே கையை நீட்டி நியூட்ரலிலிருந்து கியருக்கு இழுத்தேன், திருகை ஸ்போர்ட்டுக்குத் திருப்பினேன். இன்ஜின் அலறிக்கொண்டு பிடித்தது. "மலைப் பக்கம் ஒடி! மலைப் பக்கம்!" என்று கத்தினேன். ஒடித்தான். முன் சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கி, பாறையில் உரசி நின்றது. பஸ்சுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது.

நான் இறங்கி டிரைவர் பக்கம் வந்து கதவைத் திறந்தேன். அவனை இறக்கி, பாறை ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சாவியை எடுக்க நான் டிரைவர் இருக்கையில் ஏறினேன். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ்சின் ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பொம்பள கையில வண்டியக் குடுத்துட்டு அந்தாளு உக்காந்துருக்கான் பாரு. இவுகள எல்லாம் மலையில ஓட்டச் சொன்னா இப்படித்தான்."

பஸ்சில் சிரித்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். நான்தான் ஓட்டினேன் என்று ஒரு சொல். அவன் என்னைப் பார்த்தான், பஸ்சைப் பார்த்தான், பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். பஸ்சு போய்விட்டது. நான் சாவியை உருவிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிரேக் நன்றாக ஆறும் வரை காத்திருந்தோம். அந்த வழியே வந்த ஜீப்புக்காரர்கள் கால்வாயிலிருந்து காரைத் தூக்கிவிட்டார்கள். மிதித்துப் பார்த்து, பிரேக் பிடிக்கிறது என்று உறுதியான பிறகு நான் ஓட்டினேன். தாழ்ந்த கியரில், மாட்டு வண்டி வேகத்தில், காலை எடுத்துவிட்டு. திரையில் கோடு முந்தல் வரை படுத்தே கிடந்தது. அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"என்னத்தா இம்புட்டு நேரம்? வண்டி மூஞ்சியெல்லாம் என்ன இப்படித் தேஞ்சு கிடக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னான்.

"பிரேக்கு காஞ்சு போச்சும்மா. அவதான் ஓட்டிக்கிட்டு வந்தா."

பொய் என்று பிடிக்க முடியாது. ஓட்டிக்கொண்டு வந்தது நான்தானே.

"நான் அப்பவே சொன்னேன்ல, ஜீப்புல போத்தான்னு" என்றாள் அம்மா. "சாவிய அண்ணங்கிட்டக் குடு."

அண்ணன் கையை நீட்டினான். நிஜமாகவே நீட்டினான். அன்று காலை முதல் உள்ளே வைத்திருந்ததெல்லாம் மேலே வந்தது. அத்தாவின் பேரைச் சொல்லி என் வாயை மூடியது, பஸ்சில் சிரித்த சிரிப்பு, அந்தத் தண்ணீர் பாட்டில். தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். குரல் என்னவோ சின்னதாகத்தான் வந்தது.

"தர்றேண்ணே. பிரேக்கு காஞ்சப்ப வண்டிய ஓட்டுனது யாருன்னு அம்மாகிட்ட நீ உன் வாயால சொல்லு. சொன்ன உடனே தர்றேன்."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பிறகு வாசலிலிருந்தே திரும்பிக் கடைக்குப் போனான்.

பிரேக்கைப் புதிதாக மாற்றிய மறுநாளே மேலே போனேன். இப்போதும் வாரம் மூன்று தடவை போகிறேன். தேனி ரோட்டில் ஈக்கோ, மலையில் ஸ்போர்ட். குத்தகைக்குக் கேட்கிறவர் கடைப் பக்கம் இன்னும் டீ குடிக்க வருகிறார். அண்ணன் ஜன்னலுக்குள் தலையை நீட்டுவதில்லை. யார் ஓட்டியது என்று இன்று வரை அவன் சொல்லவும் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது.