நடுப்பக்கம் பார்த்து நாவல் எடுப்பவர்

ஷஹானா அக்கா ஒரு நாவலைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்தைத் திறக்க மாட்டார். கடைசிப் பக்கத்தையும் பார்க்க மாட்டார். நடுவில் விரலை விட்டுப் பிரித்து, அங்கிருந்து ஏழெட்டுப் பக்கம் நின்றபடியே படிப்பார். பிறகு ஒன்று பைக்குள் போகும், அல்லது திரும்ப அடுக்குக்குப் போகும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். முன்பக்கம் நோட்டு, பேனா, கைடு. பின்பக்கம் கதைப் புத்தகங்கள். எம்.காம். முடித்து, எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் பெண் என்று பெயர் வாங்கி, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இந்த வேலை. மாதம் ஒருமுறை லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஷஹானா அக்கா அங்கேதான் எனக்குப் பழக்கம்.

அவர் தனக்காக மட்டும் வாங்குவதில்லை. அவர் ஊர்ப் பெண்கள் மதரஸாவில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஓர் அலமாரி. மார்க்கத்தை விட்டு விலகாத காதல் கதைகளும் துப்பறியும் கதைகளும் அதில் இருக்கின்றன. ஓதிப் படிக்க வரும் பெண்கள் எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். எந்த நாவல் அந்த அலமாரிக்குப் போகலாம் என்று முடிவு செய்வது இவர்.

"இது ஏன் வேணாம்கா? அட்டை நல்லாத்தான இருக்கு" என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுல ஹீரோயின் கஷ்டம் வந்தா மட்டும் தொழுவுறா வினோ. மாப்பிள்ளை கெடச்ச ஒடனே மறந்துடுறா."

"அது?"

"அதுல ஒருத்தர் வந்து மூணு பக்கத்துக்கு பயான் பண்றாரு, புத்தி சொல்லிக்கிட்டே போறாரு. பயான் கேக்க எங்களுக்கு வெள்ளிக்கிழமை இருக்கு. கதையிலயும் எதுக்கு?"

துப்பறியும் கதைகளில் இன்னும் கறார். தொழாதவன், தாயை மதிக்காதவன் என்று ஒருத்தனை ஆரம்பத்திலேயே காட்டி, கடைசியில் அவனே கொலைகாரன் என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "கொலைகாரன் ஐவேளையும் பள்ளிவாசல்ல நிக்கிறவனா இருக்கணும். அவன் மேல சந்தேகம் வரவும் கூடாது, வராம இருக்கவும் கூடாது. அதான் எழுத்து" என்பார். திருச்சிப் பக்கம் அச்சான கிறிஸ்தவத் துப்பறியும் கதை ஒன்றைக்கூட வாங்கிப் போயிருக்கிறார். அதில் வரும் பாதிரியார் ஜெபமும் பண்ணுகிறார், மூளையையும் உபயோகிக்கிறார் என்பது காரணம்.

எங்கள் ஊர் சிறுவாச்சூர் என்று தெரிந்த அன்று என்னிடம் கேட்டார். "உங்க காளி கோயில் வாரத்துல ரெண்டு நாள்தான் தொறக்குமாமே. மிச்ச நாள்ல உள்ள என்ன நடக்குதுன்னு யாராச்சும் கதை எழுதியிருக்காங்களா?"

"மிச்ச நாள்ல அம்மன் மலைக்குப் போயிடும்பாங்கக்கா."

"நீ நம்புறியா?"

எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஷஹானா அக்கா படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை. கணவர் உபைத் குவைத்தில் பக்காலா என்று அவர்கள் சொல்லும் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். மகன் அத்னான் ஐந்தாம் வகுப்பு. அவன் வயிற்றில் இருந்தபோது டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாத்தனார் ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன நாவல். முடிவு தெரியாமல் படுத்துக் கிடந்தவர் தானே ஒரு முடிவைக் கட்டிக்கொண்டார். குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு, முழுப் பிரதி ஒன்று கிடைத்தது. ஆசையாகப் புரட்டிப் பார்த்தால், எழுதியவருடைய முடிவு இவருடைய முடிவை விட மட்டம்.

"கடைசிப் பக்கத்துல எல்லாரும் திருந்திடுவாங்க வினோ. நடுவுல எப்படி நடந்துக்கிறாங்கன்னு பாத்தாத்தான் எழுதுனவரு எப்பேர்ப்பட்டவருன்னு தெரியும்."

உபைத் அண்ணன் வேலை முடிந்து போனில் பேசும்போது நாவல் கதையைத்தான் கேட்பாராம். இவர் சரியான இடத்தில் நிறுத்திவிடுவார். "அப்பத்தான் மறுநாளும் போன் வரும்" என்று சொல்லிவிட்டு, வெட்கப்படாமல் சிரிப்பார்.

இந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் அவர் கடைக்கு வந்தபோதுதான் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. கதைப் பகுதியில் இல்லை. எங்கள் முதலாளி அறிவரசன் அண்ணன் அதை மருத்துவப் பகுதியில், மூட்டுவலிக்கு வீட்டு வைத்தியம் சொல்லும் புத்தகத்துக்கும் சுகப்பிரசவப் புத்தகத்துக்கும் நடுவில் வைத்திருந்தார். தலைப்பு 'வலி இல்லாத நிக்காஹ்'.

அக்கா சிரித்த சிரிப்பில் முன்பக்கம் கைடு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அறிவரசண்ணே, இது மாத்திரை போட்டா போற வலி இல்ல."

"பின்ன என்னம்மா வலி? தலைவலியா?" என்றார் அவர்.

"சில வூட்ல அதுவும்தான். பொண்ணு சார்பா நின்னு நிக்காஹ் முடிச்சுக் குடுக்குறவருக்கு எங்க பக்கம் வலின்னு பேரு. அத்தா இருந்தா அத்தா, அதாவது பொண்ணோட அப்பா. இல்லன்னா தாத்தா, அண்ணன், பெரியத்தா, சாச்சான்னு போவும்."

அறிவரசன் அண்ணன் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு வருசமா அங்கயே கெடக்கு. வலிக்காரங்க யாரும் எடுக்கலியேன்னு நெனச்சேன்" என்றார். அக்கா நடுவில் பிரித்துப் படித்தார். வழக்கத்தை விட அதிக நேரம் படித்தார். பைக்குள் வைத்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது.

"நாலு புத்தகம் சொல்லியிருந்தேன்ல, வெள்ளிக்கிழமை நீயே எடுத்துட்டு வரியா? எனக்கு அங்க வர முடியாது. இங்க பஞ்சாயத்து."

மதரஸா நிர்வாகி சாகுல் ஹமீது அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டார். ஓதப் போன பெண் ஒருத்தி மடியில் வைத்திருந்த அட்டை கண்ணில் பட்டிருக்கிறது. வலி இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கொடுக்கும் புத்தகம் என்று முடிவுகட்டி, அலமாரியை மதரஸாவிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

"உங்க வீட்ல வச்சுக்கக் கூடாதாக்கா?"

"சாகுல் ஹாஜியாரும் அதான் சொல்றாரு. மதரஸாவுக்குப் போறேன்னா எந்த மாமியாரும் எதுக்குன்னு கேக்க மாட்டா. ஷஹானா வூட்டுக்கு நாவல் எடுக்கப் போறேன்னு ஒரு மருமவ சொல்லிப் பாக்கட்டும். அலமாரி வெளிய வந்துச்சுன்னா அதோட முடிஞ்சுது வினோ. அத விட மாட்டேன்."

குரலில் கலக்கமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸாவில் கூடினார்கள். நடுவில் பச்சைத் திரை. இந்தப் பக்கம் பாயில் பெண்கள். நான் புத்தகப் பார்சலோடு ஓர் ஓரத்தில். திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சாகுல் ஹமீது வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி நஜ்முன்னிசா எங்கள் பக்கம், தஸ்பீஹ் மணிமாலையை உருட்டியபடி எனக்கு முன்னால் இருந்தார்.

"ஷஹானா, உன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. ஆனா வலி இல்லாம நிக்காஹ் எப்படிக் கூடும்?"

செல்லுபடியாகும் என்பதற்கு அங்கே கூடும் என்கிறார்கள்.

"உள்ள ஒரு பக்கமாச்சும் பாத்தீங்களா ஹாஜியார்?"

"அட்டையே போதுமே. நாளைக்கு ஒரு புள்ள இத நீட்டி, மதரஸாவுலயே வச்சிருக்கீங்களேன்னு கேட்டா நான் என்னத்த சொல்றது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நஜ்முன்னிசா சொன்னார். "வலி இருக்காருங்க. நான் படிச்சுட்டேன். அவருதான் வில்லன்."

பாயில் இருந்தவர்கள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

"நீ எப்ப படிச்ச?"

"நீங்க நியூஸ் பாக்குற நேரம்."

"அப்ப இன்னும் மோசமால்ல இருக்கு. வலிய வில்லனாக்கி எழுதியிருக்கான்."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால், தலைப்பில் ஒரு குழப்பம் ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள், பிரவுன் பேப்பரில் அட்டை போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருப்பேன். நேர்முகத் தேர்வுகளில் அப்படித்தான் பதில் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

ஷஹானா அக்கா கதை சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ளைக்கு அத்தா மவுத்தாயிட்டாரு. பெரியத்தாதான் வலி. கட்டிக்குடுத்தா நெலத்துல அவ பங்கு கையவிட்டுப் போயிடுமேன்னு வர்ற மாப்பிள்ளைய எல்லாம் ஒண்ணொண்ணு சொல்லித் தட்டி விடுறாரு. அஞ்சு வேளையும் முதல் வரிசையில தொழுவுற மனுசன். யாரும் சந்தேகப்படல. கடைசியா வந்த மாப்பிள்ளை ஒரு நா காணாமப் போயிடுறான்."

"காணாமன்னா?" என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"அத சொன்னா கதை போச்சு. ஹாஜியார், இந்த மாதிரி வலி நம்ம ஊர்ப்பக்கம் ஒருத்தர்கூட இல்லன்னு நீங்க சொல்லுங்க. புத்தகத்த நானே எடுத்துடுறேன்."

ஜமாஅத்தில் எத்தனையோ வழக்குகளுக்கு உட்கார்ந்தவர் அவர்.

"இருக்கான். அதுக்காக வலி இல்லாம முடிச்சிடலாமா?"

"முடிக்கலியே. காரணம் இல்லாம வலி தடுத்தாருன்னா, காஜி வலியா நின்னு முடிச்சு வைக்கலாம்ல? கதையில அதான் நடக்குது. கூடுமா கூடாதான்னு நான் சொல்ல வேணாம். ஹஜ்ரத்துக்குப் போன் போடுங்க."

போட்டார். ஸ்பீக்கரில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை போலும். பள்ளிவாசல் இமாமின் குரல் எங்கள் பக்கமும் தெளிவாக வந்தது.

"நல்லா விசாரிச்சு, தடுக்க நியாயமான காரணம் இல்லன்னு உறுதியானா கூடும் ஹாஜியார். யாரு வூட்டு சங்கதி?"

"வூட்டு சங்கதி இல்ல ஹஜ்ரத். நாவல் சங்கதி."

"எந்த நாவல்?"

போன் கட்டானது. பெண்கள் இப்போது முந்தானையைத் தேடவில்லை. நேராகவே சிரித்தார்கள்.

சாகுல் ஹமீது தொண்டையைச் செருமினார். "சரி. அலமாரி இருக்கட்டும். ஆனா இனிமே எது வைக்கலாம், எது வேணாம்னு நிர்வாகம்தான் பாக்கும்."

எல்லோரும் ஷஹானா அக்காவைப் பார்த்தார்கள். அலமாரி இருந்து, தேர்ந்தெடுப்பது இவர் இல்லை என்றால் அதில் என்ன நாவல் வரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். முழுக்க முழுக்க பயான்தான்.

"தாராளமா பாருங்க" என்றார் அக்கா. "ஆனா அட்டைய பாத்து வேணாம்னு சொல்லக்கூடாது. முழுசும் படிச்சுட்டுச் சொல்லணும். நான் நடுப்பக்கம் பாத்து வாங்குறேன், அலமாரியில வைக்கிறதுக்கு முன்ன முழுசும் படிச்சுடுறேன். அதே சட்டம்தான் நிர்வாகத்துக்கும்."

"எனக்கு ஏதும்மா அவ்வளவு நேரம்?"

"நேரமா இல்ல?" என்றார் நஜ்முன்னிசா. "நியூஸ்ல ஒரே சங்கதிய நாலு சேனல்ல பாக்குறீங்க."

திரைக்குக் கீழே ஒரு கை நீண்டது. "குடும்மா."

அந்தப் புத்தகத்தையும், என் பார்சலிலிருந்து நான்கையும் சேர்த்து அக்கா வைத்தார். கை கொஞ்சம் கீழே இறங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே மக்காச்சோளக் கொல்லை. நம்பிக்கை உள்ளவர்கள் என்றால் சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள் என்று நான் எப்போது முடிவு செய்தேன் என யோசித்தேன். அக்கா மார்க்கத்துக்கு வெளியே ஓர் அடி வைக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டே வழக்காடினார். நானோ, எதற்கும் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். படிப்பு எனக்குத் தந்தது இதுதானா என்று கேட்டுப் பார்த்தேன். முழுப் பழியையும் படிப்பின் மேல் போடவும் முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், எதற்காக விரதம் இருக்கிறாய் என்று கேட்டேன். "ஏன், ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அம்மா. பிறகுதான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் ஷஹானா அக்கா கடைக்கு வந்தார். முதலில் அலமாரியைத்தான் விசாரித்தேன்.

"அங்கயேதான் இருக்கு. அஞ்சுல மூணுக்கு ஒண்ணும் சொல்லல. ஒண்ண வேணாம்னுட்டாரு."

"மார்க்கத்துக்கு விரோதமா எதாச்சும் இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. கொலைகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சாம். இதப் போய்க் காசு குடுத்து வாங்குனியான்னு கேக்குறாரு." அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பாத்தேன். சரியாத்தான் சொல்றாரு. நடுவுல நல்லா இருந்துச்சு, என்னை ஏமாத்திப்புட்டான். எடுத்துட்டேன்."

"அந்த வலி நாவல்?"

"ஹஜ்ரத் வூட்ல இருக்கு. எப்ப வரும்னு தெரியல."

"அஞ்சாவது?"

"அதுலதான் சண்ட. காதல் கதை. வேணாம், வச்சிராதன்னாரு. ஏன் ஹாஜியார்னு கேட்டேன். பாதியில தூங்கிட்டாராம். தூங்குனா கணக்குல வராது, முதல்லேருந்து மறுபடி படிங்கன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் அது அலமாரியிலதான் இருக்கும்."