அடுப்புக்கு மேலே ஆசிட் பேட்டரி

1. நீலமாகிப்போன தாள்

உலகச் சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாத கொல்லிமலையில் ஊரே கூடிக் கேட்கும் ரேடியோ வைக்க சர்க்காரில் என்னை அனுப்பினார்கள். எனக்கு அதுதான் முதல் வேலை. இரண்டாம் நாள் மத்தியானம் ஆபீசர் வந்து ரேடியோவைக் கேட்டுப் பார்ப்பார். ரேடியோ பேசாவிட்டால் நான் மறுபடியும் மாமாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்.

சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி இரண்டு ஜாதி கொடுத்தார்கள்: கண்ணாடி ஜாடியில் ஆசிட், இரும்பு டப்பாவில் ஆல்கலி என்கிற காரம். எதை எப்படி வைப்பது என்று எஞ்சினீயர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். தாள் இருக்கும் தைரியத்தில் மண்டையில் எதையும் ஏற்றவில்லை. பாதி மலை ஏறுவதற்குள் மேகம் இறங்கி, மை கரைந்து தாள் முழுக்க நீலமாகிவிட்டது.

சுமை தூக்கிவந்த சடையன் திடீரென்று நின்றார்.

"ஏனுங்க, முதுகெல்லாம் எரியுதுங்க."

"வேர்வையா இருக்கும்."

"வேர்வை எனக்குப் புதுசுங்களா?"

ஜாடியைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தேன். ஆசிட் மூடி வழியாகக் கசிந்திருந்தது. ஓடையில் அவர் முதுகைக் கழுவினேன். அவர் முதுகில் கிடந்த துண்டு மறுநாள் சல்லடையாக இருந்தது. பேட்டரி எந்த ஜாதியானாலும் நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்ற விதி ஓடையில் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

2. ஒட்டலாமா, கூடாதா

சோளக்காட்டுக்குப் பக்கத்தில் சடையன் வீட்டிலேதான் ரேடியோ. ஒரு ஜாதியை ஒட்டி வைக்கலாம், இன்னொன்றை ஒட்டவே கூடாது என்பது வரை நினைவிருந்தது. கண்ணாடி உடையுமே என்று ஜாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். இரும்பு டப்பாக்களை நெருக்கி அடுக்கினேன். பொறி பறந்தது. அந்த இரும்புக் கூட்டிலேயே கரண்ட் உண்டு என்று அதுவே சொல்லிக்கொடுத்தது. அதன்பின் நடுவில் மரச்சட்டம் வைத்துப் பிரித்தேன்.

3. பரண்

மறுநாள் காலையிலும் சாரல் விடவில்லை. வீட்டில் ஈரமில்லாத இடம் எதுவென்று சடையனின் மனைவி நல்லம்மாவைக் கேட்டேன்.

"அடுப்புக்கு மேல பரணுங்க சாமி. வெதையெல்லாம் அங்கதானுங்க."

விதைக்கு நல்லது பேட்டரிக்கும் நல்லது என்று முடிவு செய்து, ஆசிட் ஜாடிகளைப் பரணில் ஏற்றி ஒயரை இழுத்தேன். சடையன் முற்றத்தில், சுமையோடு கொண்டுவந்த மிதி டைனமோவை சைக்கிள் மாதிரி மிதித்தார். சார்ஜ் ஏறியது. கீழே களி வெந்துகொண்டிருந்தது.

"என்னுங்க, மேல உலை கொதிக்கிற சத்தம் கேக்குது?" என்றபடி நல்லம்மா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு, எட்டிப் பார்க்க ஏறினார்.

குமிழி. குமிழி என்றால் வாயு. நெருப்பைக் கண்டால் வெடிக்கும் வாயு. தாளின் கடைசி வரி இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அம்மா! நெருப்பு!" என்று கத்தியது என் குரல்தானா என்று இன்றும் சந்தேகம். அவர் கொள்ளியைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல வெச்சது நீங்கதானுங்களே?"

நான் பரணை அண்ணாந்து பார்த்தேன். வருஷ விதை முழுவதும் மேலே. அவர் முகம் அதற்கு ஒரு முழம் கீழே. ஜாடிகளை இறக்கி, வெளியே கூரை விளிம்பின் இறவாணத்தடியில் பலகை போட்டு நிறுத்தினோம்.

ஆபீசர் வந்தார். ரேடியோ கரகரத்துப் பேசியது. அவர் பார்வை பலகைக்குப் போனது. "ஏன்யா வெளியில வெச்சிருக்கே?"

நான் வாய் திறப்பதற்குள் நல்லம்மா சொன்னார்: "அது மூச்சு வுடுதுங்க. ஊட்டுக்குள்ள அடுப்பு எரியுது. ரெண்டையும் ஒண்ணா வெக்கலாமுங்களா?"

"பரவாயில்லையே, ஜனங்களுக்கு நல்லா சொல்லிக்கொடுத்திருக்கே!" என்று ஆபீசர் என் தோளைத் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும், "பேட்டரி மூச்சு விடும், நிமிர்த்தி வை, அடுப்பிலிருந்து தள்ளி வை" என்று சொல்லிவருகிறேன். எஞ்சினீயர் சொன்னது என்றுதான் இத்தனை நாளும் சொன்னேன். அந்த 'மூச்சு' என்ற வார்த்தையைச் சொன்னது நல்லம்மா.