காது மெசினும் ஆறுமணிக் குருவியும்

அன்றைக்கு ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டடியில் ஓட்டோ ஏறியதில் இருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டணத்துக்கு வெளியே, வேலி போட்டுப் பாதுகாக்கிற ஒரு சின்னக் காட்டுக்குப் போகிறோம். மாரி முடிகிற காலம். பின்னேரமானால் அங்கே ஆறுமணிக் குருவி கூப்பிடும். அதை என் மனுசன் கேட்கவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

துறைமுகத்து இயந்திர இரைச்சலுக்குள் நின்றே காது மந்தமாகிப்போனவர் அவர். டொக்டர் சொல்லி வாங்கிய காது மெசினை இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "பஸ் எல்லாம் மண்டைக்குள்ள ஓடுது" என்று கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். போன கிழமை பின்வளவைப் பார்த்து, "ஆறுமணிக் குருவி இப்ப வாறேல்லை, என்ன?" என்று கேட்டார். அந்த நேரம் அது முருங்கைக்குக் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

றோட்டுச் சத்தம் இல்லாத இடமென்றால் மெசினைப் போடுவார் என்பது என் திட்டம். காட்டு வாசலில் இறங்கியதும், "இப்ப போடுங்கோ!" என்று கத்தினேன்.

"உள்ளுக்குப் போய்ப் போடுவம்" என்று நடந்தார். அப்பாடி, என்ன நிழல்! பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நின்றன. "அங்க பாருங்கோ, மயில்!" என்று நான் துள்ளினேன். அவர் வேறு பக்கம் பார்த்துத் தலையாட்டினார்.

பார்த்துக்கொண்டே இலையும் கொப்புமாய் ஒரு வீரைக் குழையைச் சடக்கென்று முறித்தார். அதை மரக்கவட்டில் செருகிக் கும்பிட்டார். அவர் வளர்ந்த கிளிவெட்டியில், பிள்ளையாருக்கு ஒரு குழை முறித்து வைக்காமல் எவரும் காட்டுக்குள் இறங்கமாட்டார்கள். இங்கேயோ, ஓர் இலையும் பிடுங்கக்கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்.

"ஐயா, முறிக்காதேங்கோ!" என்று பின்னால் காவலாளி கத்தினார். இவர் எனக்காகவும் ஒரு குழைக்குக் கையை நீட்டினார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அதுவும் முறிந்தது.

காவலாளி மூச்சிரைக்க வந்தார். "நான் சொல்லச் சொல்ல முறிக்கிறீங்கள். இரண்டு பேரும் வெளியில போங்கோ!"

"அவருக்குக் காது கேளாது!"

"பலகையும் தெரியாதோ, அம்மா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிவந்து, குருவி வாய் திறக்க முன்னம் திரும்பிப் போவதா? "ஏலாது! நாங்கள் போகமாட்டம்" என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார். தன்னால்தான் ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று விளங்கியிருக்கவேண்டும். முகம் சுருங்கிப்போயிற்று. பைக்குள் இருந்து மெசினை எடுத்துக் காதில் மாட்டினார்.

"இப்ப சொல்லுங்கோ தம்பி, என்ன?"

காவலாளி வாயைத் திறந்தார். இவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. கொஞ்சம் கதைக்காதேங்கோ."

பற்றைக்குள் இருந்து குருவியின் அந்த இரட்டைச் சீழ்க்கை வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. காவலாளிகூடப் பற்றைப் பக்கம் திரும்பினார். இவருடைய கை உயர்ந்தபடியே இருந்தது.

"வந்திட்டுது" என்றார்.

ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "கேக்குதோ? உங்களுக்குக் கேக்குதோ?" என்று வழக்கம்போலத் தொண்டை கிழியக் கேட்டேன்.

அவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார்.

"ஏனப்பா இந்தக் கத்துக் கத்துறாய்? மெல்லமாக் கதை."